குடிபோவதற்கும் கப்பமா?

போன தை மாதம் என் மகன் அம்பத்தூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இங்கே வெள்ளானூரில் வாங்கிய ஃப்ளாட்டுக்குக் குடிவந்தான். நான்காவது மாடி. முகூர்த்தம் விடியற்காலை ஐந்து மணிக்கு. சுவாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள், பால் பாத்திரம், இவ்வளவுதான் எங்கள் கையில். அதற்கே கேட்டைத் திறக்க யோசித்தார் காவலாளி. "பத்து மணிக்கு மேலதான் சாமான் உள்ள போகணும் ஐயா, செக்ரட்டரி உத்தரவு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாங்குகிற சம்பளத்துக்குச் சொன்னதைச் செய்கிறார். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய்ப் பால் காய்ச்சினோம்.

பத்து மணிக்கு லாரி வந்தது. உள்ளே விடவில்லை. தெருவிலேயே நிறுத்தச் சொன்னார்கள். பின்னால் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. அப்போது சங்கத்திலிருந்து ஒருவர் வந்து 'ஷிப்டிங் சார்ஜ்' மூவாயிரம் ரூபாய் கேட்டார். கொடுத்தோம். ரசீது கேட்டேன். "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்றார். சரி, லிப்டாவது உண்டா என்றால், "லிப்டில் சாமான் ஏற்றக் கூடாது." பிறகு மூவாயிரம் எதற்கு?

பீரோவையும் ஃப்ரிட்ஜையும் படிக்கட்டு வழியாகவே தூக்கினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பீரோ சரிந்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு லோடுமேனின் விரல் சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் தூக்க வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் முழங்கால் வலி உண்டு. நாலு மணி நேரம் லிப்டைக் கட்டை வைத்து நிறுத்திவிட்டால் என்னைப் போன்ற கிழவர்கள் எங்கே போவது? அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் லிப்ட் பழுதாகும், செலவு எல்லோர் தலையிலும் விழும். ஆனால் விதி என்றால் அது காகிதத்தில் இருக்க வேண்டும். முன்னதாகவே கையில் கிடைக்க வேண்டும். அலுவலகத்தில் நாங்கள் ஐந்து ரூபாய் வாங்கினாலும் ரசீது கிழித்தாக வேண்டும். தீர்மானம் எண் என்ன, தேதி என்ன என்று கேட்டால் பதில் இல்லாத கட்டணத்துக்கு என் அகராதியில் ஒரே பெயர்தான்: கப்பம்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம் பொதுப்பகுதி என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்கிறது. படிக்கட்டு, லிப்ட், நுழைவாயில், திறந்தவெளி வாகன நிறுத்துமிடம் எல்லாம் அதில் அடக்கம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் 2022இல் புதிதாக இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. யுடிஎஸ் என்று நிலத்தில் பங்கு எழுதி, பத்திரப்பதிவுக்கும் பணம் கட்டியவன், தன் பங்குள்ள லிப்டுக்கும் வாசலுக்கும் மறுபடி நுழைவுக் கட்டணம் கொடுக்க வேண்டுமா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உறவினர் பலர் பாரிஸில் இருக்கிறார்கள். அங்கே வீடு மாற்றுகிறவர் முன்கூட்டியே நகராட்சியிடம் அனுமதி வாங்கி, தெருவில் லாரிக்கு இடம் ஒதுக்கி அறிவிப்பு வைக்கிறார். பழைய கட்டடங்களின் குறுகிய படிக்கட்டில் பீரோ தூக்க முடியாதபோது, வெளியே ஏணி போன்ற இயந்திரத்தை ஜன்னலில் சாய்த்து ஏற்றிவிடுகிறார்கள். அடுக்குமாடி வீடுகளுக்கென்று 1965இலேயே அங்கே சட்டம் வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எழுதிய விதிமுறை உண்டு. வெள்ளானூரில் ஏணி இயந்திரம் வேண்டாம். ஒரு பக்கத் தாள் போதும்.

அந்தத் தாளில் என்ன எழுதலாம்? இரண்டு நாள் முன்னதாகத் தகவல். லாரி நிற்க உள்ளே ஓர் இடம், ஆம்புலன்ஸ் வழியை மறைக்காமல். லிப்டின் உட்சுவரில் சாக்கைக் கட்டி, அதன் பார அளவுக்குள் சாமான் ஏற்ற இரண்டு மணி நேரம். சேதத்துக்கு முன்பணம், ரசீதோடு. சேதமில்லையென்றால் மறுநாளே திருப்பித் தர வேண்டும். பால் காய்ச்ச வருகிறவர்களுக்கு எந்த நேரமும் கேட் திறக்க வேண்டும். வாடகைக்கு வருகிறவருக்கும் சொந்தக்காரருக்கும் ஒரே விதி.

குடிவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீரோவின் அகலத்தையும் லிப்ட் கதவின் அகலத்தையும் முன்னாடியே அளந்து பாருங்கள். கேட் வளைவின் உயரத்தைப் பார்த்து, பெரிய லாரி நுழையாதென்றால் குட்டியானை பேசுங்கள். தொங்கும் ஒயர்களையும் கவனியுங்கள்.

இதையெல்லாம் எழுதிச் சங்கத்திடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய குமாஸ்தா புத்தி! அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேட்கப்போகிறேன். உங்கள் குடியிருப்பிலும் கேளுங்கள். நம் வயதுக்காரர்கள்தான் பெரும்பாலும் சங்க நிர்வாகத்தில் இருக்கிறோம். நாமே இதைச் சரிசெய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?