வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்

 

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. மார்பில் கட்டி தெரிந்து எட்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போயிருக்கிறாள். ஏம்மா என்றேன். "வலியே இல்ல டீச்சர். லீவு போட்டா சம்பளம் போயிடும்."

மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததைத்தான் முதலில் காட்ட வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஊசியில் சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். ஊசி பட்டால் பரவிவிடும் என்று நம் தெருவிலேயே சொல்கிறார்கள். சுத்தப் பொய்.

2023-இல் அரசு நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியது. அதில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் உண்டு. 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். நல்ல திட்டம்தான். ஆனால் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறி இருட்டியபின் இறங்குகிறவள் சுகாதார நிலையத்துக்கு எப்போது போவாள்? பரிசோதனை கம்பெனிக்கே வர வேண்டும். அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. சூப்பர்வைசராக, எச்.ஆர். ஆக இருக்கும் என் பிள்ளைகளே, இதை நீங்கள்தான் மேலிடத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இ.எஸ்.ஐ. பிடித்தம் இரண்டு வருடமாவது கட்டியவர்களுக்குப் புற்றுநோய் வந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் 80 சதவீதம் வரை நீண்டகால உதவித்தொகை உண்டு. அவளுக்கு இது தெரியவே தெரியாது. இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு நேரில் போய் விசாரியுங்கள்.