போன கரண்ட் திரும்பி வரணும்!

நான் பி.காம். படித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், எழுபது வயது தாண்டிய ஒரு காரின் வயரிங்கில் நான் எதற்காகக் கை வைத்தேன் என்ற கேள்விக்கு என் வீட்டில் இன்னும் யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

கார் என் தாய்மாமாவுடையது. மாமா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஊர், புதுக்கோட்டை மாவட்டம் ராயவரம். அரண்மனை மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும். பாதி வீடுகளில் பூட்டுதான் குடியிருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அப்படி ஒரு பெரிய வீட்டில் கணக்கெழுதியவர் என் தாத்தா. அவர்கள் புதுக் கார் வாங்கியபோது, பழசைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்டின் ஏ-40.

"சீமைக் கார்!" என்று வாயைப் பிளக்காதீர்கள். இது சென்னைக் கார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச் 3-ஆம் தேதி. அதே வருஷம் செப்டம்பரில் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனி, பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. ஆக, நம்மை ஹைவேஸில் ஓரம் கட்டுகிற லாரிகளுக்கெல்லாம் இந்த ஆஸ்டின் மூத்த அண்ணன்!

1972-ல் என் அத்தை கல்யாணப் பெண்ணாக வந்து இறங்கியது இந்தக் காரில்தான். அப்புறம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கொட்டகையில் தூக்கம். போன வருஷம் சிங்கப்பூர் மகன் பணம் அனுப்ப, திருச்சியில் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்து, வெண்ணெய் கலரில் வந்து நின்றது. எஞ்சினும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரே ஒரு குறை. லைட் எரியவில்லை.

மாமாவுக்கு லைட்தான் முக்கியம். தேய்பிறை அஷ்டமி சாயங்காலம் அத்தையை இந்தக் காரில் திருமயம் கோட்டை பைரவர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். பூஜை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். புதுக்கோட்டை - காரைக்குடி ரோடு. எதிரே வருபவர்கள் ஆஸ்டினின் தம்பிகள்! லைட் இல்லாமல் போனால் பைரவரை நேரிலேயே பார்த்துவிடலாம்.

"வின்டேஜ்னு பதிவு பண்ணிடுங்களேன் மாமா, கௌரவமா இருக்கும்" என்றேன். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, ஒரிஜினல் மாறாத வண்டிக்கு நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல், ரிப்பேர் இதற்கெல்லாம்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி உபயோகம் கூடாது.

மாமா கேட்டார்: "அந்த லிஸ்ட்டுல அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிப் போறது இருக்கா மாப்ள?"

"இல்லை."

"அப்ப நமக்கு வேணாம். பழைய ஆர்.சி.யே இருக்கட்டும்."

பானெட்டைத் திறந்தோம். அந்தக் காலத்து வயர்களில் ரப்பருக்கு மேல் பருத்தி நூல் பின்னியிருப்பார்கள். கலரை வைத்தே வேலையைச் சொல்லிவிடலாம். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, அதிலிருந்து ஃப்யூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட். சிவப்பு, பார்க்கிங் லைட்டும் பின் லைட்டும். கறுப்பு எர்த். பிரிட்டிஷ் கார்களில் பல வருஷம் இதுதான் கணக்கு. அழகான கணக்கு!

ஆனால் மாமாவின் காரில் அத்தனை வயரும் ஒரே கலர். ஃபில்டர் காபி டிகாக்ஷன் கலர். எழுபது வருஷ எண்ணெயும் புழுதியும் சேர்ந்து ஜாதி பேதமில்லாத சமுதாயத்தை உண்டாக்கியிருந்தன. நடுவில் எலி ஒன்று வேர்க்கடலைத் தோலால் வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்திருந்தது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாத ஒரு வயர் வேறு. எங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

முதலில், புது எல்.இ.டி. பல்பு வாங்கிவந்து மாட்டினேன். எரியவில்லை. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதுல ப்ளஸ்தான் எர்த். தெரியுமில்ல?" என்றார்.

தெரியாது. இன்றைக்கு எல்லாக் காரிலும் பேட்டரியின் மைனஸைத்தான் பாடியோடு சேர்க்கிறார்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ப்ளஸ்ஸைச் சேர்த்தார்கள். சாதாரண பல்புக்கு எல்லாம் ஒன்றுதான். எல்.இ.டி.க்குத் திசை தெரிய வேண்டும். பழைய பல்பையே மாட்டினேன்.

அடுத்து ஃப்யூஸ். போட்டால் உடனே போகிறது. என்னிடம் செப்புக் கம்பி இருந்தது. இரண்டு இழை சுற்றினேன். போச்சு. நாலு இழை. அதுவும் போச்சு. எட்டு இழை சுற்றினேன். இந்த முறை ஃப்யூஸ் போகவில்லை. வயர் போனது!

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. மாமா பேட்டரி டெர்மினலைப் பிடித்து இழுக்கிறார், வரவில்லை. ஸ்பேனரைத் தேடுகிறார், அது என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் கொட்டகைக்கு வெளியே இருக்கிறேன். பக்கத்தில் வைக்கோல் போர். அத்தை குடத்தோடு ஓடி வருகிறார். எப்படியோ மாமா பிடுங்கிவிட்டார். உள்ளங்கையில் இரண்டு அங்குலத்துக்குக் கொப்புளம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அத்தை கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டே, "கோயிலுக்கு பஸ்ஸுலயே போயிக்கலாம்" என்றார். மாமா ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம் இருக்கிறதே... ராத்திரி பூரா தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை, எலக்ட்ரீசியன் பாயைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தேன். எழுபது வயதிருக்கும். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருப்பவர். கையில் ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு வயர். அவ்வளவுதான் ஆயுதம். என் எட்டு இழையை எடுத்துப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான் பாய்."

"ஃப்யூஸ்ங்கிறது வாட்ச்மேன் தம்பி. திருடன் வந்தா கத்துறதுக்கு. கத்துறானேன்னு வாயில துணியை அடைச்சிட்டீங்களே!"

கருகிய வயரை மாற்றினார். "கருகின இடத்துலதான் கோளாறுன்னு நினைச்சிராதீங்க. வயர் நெடுகச் சூடாகும். கோளாறு எங்கேயோ இருக்கும்" என்றவர், ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஃப்யூஸுக்குப் பதிலாகத் தன் பல்பை மாட்டினார். பேட்டரியை இணைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. "எங்கேயோ பாடியில தொடுது. இப்ப எவ்வளவு நேரம் வேணாலும் தேடலாம். பல்பு கரண்டை அளவாத்தான் விடும், தீப்பிடிக்காது" என்று சொல்லி, வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே போனார். எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரத் துளையில் ஒரு வயரைத் தூக்கியதும் பல்பு அணைந்தது. ஹாரன் வயர்! துளையில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் மக்கிப்போயிருந்தது. தகர விளிம்பு வயரை அறுத்திருந்தது. பத்து ரூபாய் ரப்பருக்காக ஒரு கொட்டகையையே கொளுத்தப் பார்த்திருக்கிறேன்.

ஹாரன் அடித்தது. ஆனால் இடது ஹெட்லைட் எலுமிச்சம்பழக் கலரில் அழுதது. பார்க்கிங் லைட்டையும் போட்டால் இன்னும் மங்கியது. "லைட்டுக்கு வர்ற வயரை மாத்திடலாமா பாய்?" என்றேன்.

பாய் ஒரு தடித்த வயரை எடுத்து, ஒரு நுனியை லைட்டின் கிண்ணத்திலும் மறு நுனியை பேட்டரியின் எர்த்திலும் வைத்தார். லைட் பளீரென்று எரிந்தது. எடுத்தார். மங்கியது.

"வர்ற கரண்ட் சரியாத்தான் வருது தம்பி. திரும்பிப் போக வழி இல்ல."

எனக்குச் சட்டென்று உறைத்தது. முதல் வருஷம் முதல் பாடம்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு! காரில் போவதற்குத்தான் வயர். திரும்புவதற்குக் காரின் உடம்பேதான் வழி. லைட்டிலிருந்து மட்கார்டுக்கு, மட்கார்டு போல்ட்டிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து பேட்டரிக்கு. திருச்சியில் ஒரு போல்ட் விடாமல், ஒரு வாஷர் விடாமல் அருமையாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்டில் கரண்ட் போகாது. கார் பளபளத்த அளவுக்கு வழி அடைந்துவிட்டது!

பாய் உப்புத்தாளை என் கையில் கொடுத்தார். போல்ட்டுக்கு அடியில் மட்டும், வெளியே தெரியாமல், தகரம் மின்னும்வரை சுரண்டினேன். இறுக்கி முடுக்கி, துருப்பிடிக்காமல் மேலே வேசலின் தடவினோம். போகும்போது அவர் விதித்த கட்டளைகள்: வேலைக்கு முன்னால் பேட்டரியின் எர்த்தைக் கழற்று. கையெட்டும் தூரத்தில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வை. வயரைக் கழற்றும் முன் சீட்டுக் கட்டு. ஃப்யூஸ் போனால் காரணத்தைக் கண்டுபிடி, கம்பியைத் தேடாதே.

அஷ்டமி அன்று சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து போன். "லைட் எரியுதாப்பா? என்னதான் கோளாறாம்?"

"பெயிண்ட்" என்றார் மாமா. "நல்ல பெயிண்ட்தான். அதான் கோளாறு. நேர்ல வா, காட்டுறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பொங்கலுக்குப் பார்க்கிறேன்ப்பா" என்றது போன்.

கோட்டை பைரவர் முன்னால் வண்டியை நிறுத்தி, மாமா வழக்கப்படி ஒரு ஹாரன் அடித்தார். ஹெட்லைட் மங்கவில்லை. முன் சீட்டில் அத்தை, 1972 மாதிரியே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பின் சீட்டில் நான், ஒரு கையில் தேங்காய்ப் பையும் மறு கையில் ஸ்பேனருமாக.

இந்த முறை ஸ்பேனர் காருக்குள்ளேயே இருந்தது.