திறந்த கதவும் காவலும்

ரவீந்திரநாத் தாகூரின் கையெழுத்துப் படிகளைக் காண விரும்பியவர் ஒரு காலத்தில் சாந்திநிகேதனுக்குப் பயணம் செய்து அனுமதி பெற வேண்டியிருந்தது. 2013இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் அந்நிலையை மாற்றியது. பேராசிரியர் சுகந்த சௌதுரியின் வழிகாட்டுதலில் அங்கு உருவான ‘பிசித்ரா’ இணையத் தொகுப்பு 47,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பக்கங்களையும் 91,000க்கும் மேற்பட்ட அச்சுப் பக்கங்களையும் கட்டணமின்றி உலகுக்குத் திறந்துவிட்டது. செலவு மக்களின் வரிப்பணம்; பயனும் மக்களுக்கே.

எவரும் நுழையலாம் என்றால் பாதுகாப்பு என்னவாகும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை தொழில்நுட்பத்தில் முன்பே உள்ளது. விருந்தினராக வருபவருக்குப் படிக்கும் உரிமை மட்டும். எழுதவோ அழிக்கவோ உரிமை இல்லை. பொதுமக்கள் காண்பது ஒரு நகல். மூலத் தரவுத்தளம் இணையத்தின் நேரடித் தொடர்பின்றித் தனியே இருக்க வேண்டும். எந்தப் பத்தியைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை வடிவமைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

ஒன்றிய அரசு இதைச் செய்யத் தவறியது. வேலை உறுதித் திட்டத்தில் யார் எத்தனை நாள் உழைத்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்பது சமூகத் தணிக்கைக்கு இன்றியமையாத பொதுத் தகவல். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியல்ல. ஆயினும் அத்திட்டத்தின் தளம் உள்ளிட்ட நான்கு அரசுத் தளங்கள் வழியே சுமார் 13 கோடி ஆதார் எண்கள் அம்பலமாகியிருக்கக்கூடும் என 2017இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஏழைகளின் எண்களைத் தெருவில் போட்ட அதே அரசுதான், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு மூலம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலைப் பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அதில் இருந்த வாசகத்தை நீக்கியது. கசிந்தது ஏழையின் தரவு. மறைக்கப்படுவதோ அதிகாரியின் கணக்கு!

சர்வர்களும் தாமாகப் பாதுகாப்பாக இருப்பதில்லை. மென்பொருளைப் புதுப்பிக்க, பதிவேடுகளைக் கண்காணிக்க, நகல் எடுத்து வைக்க நிரந்தர ஊழியர்கள் தேவை. ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் கைகழுவும் வேலையல்ல இது. நிதிப் பற்றாக்குறையால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமே 2022இல் முன்னாள் மாணவர்களிடம் கைநீட்ட நேர்ந்தது. பொதுத் தரவுத்தளங்களைத் திறந்தே வைக்க வேண்டும், அவற்றைக் காக்கும் பணியிடங்களை நிரந்தரமாக்க வேண்டும், 44(3) பிரிவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளையும் தோழர்கள் ஒருசேர எழுப்ப வேண்டும்.