ஆட்டுச் சீக்கு நாய்க்கு வருமா?

திருச்சியிலிருந்து திண்டுக்கல் பஸ் பிடித்தால், மணப்பாறையில் ஜன்னல் வழியாக வாங்கிய முறுக்குப் பொட்டலம் காலியாவதற்குள் வையம்பட்டி வந்துவிடும். அங்கே என் பெரியப்பாவுக்கு முப்பது வெள்ளாடு, ஒரு நாய், கணக்கில்லாத சந்தேகங்கள். நான் போனால் சந்தேகங்கள் மொத்தமும் என் தலையில் இறங்கும். படித்தவனாம்!

போன தடவை பெரியம்மா மோர் கொண்டு வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்ப்பா, ஆட்டுச் சீக்கு நாய்க்கு வருமா?"

"வராது பெரியப்பா." தெரியாத விஷயத்தை அடித்துச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம்.

"அப்ப கருப்பன் ஏன் செத்தான்?"

கருப்பன் இதற்கு முன்பு இருந்த நாய். போன வருஷம் பட்டியில் இரண்டு குட்டிகள் கழிச்சல் கண்டு செத்தன. ஒன்றைக் கருப்பனுக்குப் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவனுக்கு மூக்கில் சளி, கண்ணில் பீளை, அப்புறம் கைகால் வெட்டி வெட்டி இழுத்துப் போய்ச் சேர்ந்தான்.

"நான்தாம்ப்பா தூக்கிப் போட்டேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. புதுக் குட்டி மணி அந்த நேரம் என் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். "உங்க பெரியப்பா கேட்டது ஆராய்ச்சிக்காரங்க கேக்குற கேள்வி சார்" என்று உட்கார வைத்துவிட்டார்.

நமக்கு வரும் தட்டம்மை, மாட்டுக்கு வந்த வெக்கை, ஆட்டுக்கு வரும் ஆட்டுக்கொல்லி, நாய்க்கு வரும் டிஸ்டெம்பர்... நான்கு வைரஸும் ஒரே வம்சத்துப் பங்காளிகள். இதில் வெக்கை 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது. அம்மாதிரி ஒழிந்த வேறு வைரஸ் பெரியம்மை மட்டும்தான். ஆட்டுக்கொல்லி இன்னும் இருக்கிறது. 1942-ல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் முதல் தடவை பிடிபட்டது எங்கே என்கிறீர்கள்? நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987-ல்! அந்த வைரஸையே வீரியம் குறைத்துப் பிற்பாடு தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஆக்கியது. பேரே 'அரசூர் 87'. நோயால் பெயரெடுத்த ஊர்கள் உண்டு. மருந்தாலும் பெயரெடுத்தது அரசூர்.

சரி, நாய்க்கு வருமா?

2016-ல் மதுராவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் மூக்குச் சளியில் இந்த ஆட்டு வைரஸின் மரபணு இருந்ததாக எழுதினார்கள். குஜராத்தில் 2007-ல் செத்த ஒரு சிங்கத்தின் உடலிலும் இருந்தது. எல்லாம் மாமிசம் தின்கிற ஜாதி! ஆனால் மூக்கில் தென்படுவது வேறு, நோயாகிப் படுப்பது வேறு. நிஜமாகவே தாண்டிக் குதித்த வைரஸ்களும் உண்டு. 1998-99-ல் மலேசியாவில் நிபா, பன்றியிலிருந்து மனிதருக்குப் போனது போலவே பண்ணை நாய்களுக்கும் போனது. 2004-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குதிரை ஃப்ளூ பந்தய நாய்களைப் பிடித்தது. பிறகு நாய்க்கு நாய் தொற்றிக்கொண்டது.

"அப்போ எங்க கருப்பன்?"

"கைகால் வெட்டுச்சுன்னா டிஸ்டெம்பரா இருக்கத்தான் ரொம்ப வாய்ப்பு. அது இன்னொரு நாய்கிட்டேயிருந்து வர்றது. குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்திலேயே ஊசியை ஆரம்பிச்சிருக்கணும்" என்றார். செத்த ஆட்டை நாய்க்குப் போடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னார். பாதியைத் தின்றுவிட்டு மீதியை அடுத்தவன் பட்டிக்கு இழுத்துப் போய்ப் போட்டால் அங்கேயும் சீக்கு கிளம்பும். ஆடுகளுக்குத்தான் ஆட்டுக்கொல்லி ஊசியை அரசாங்க முகாமில் இலவசமாகவே போடுகிறார்களே!

ராத்திரி போன் போட்டேன்.

"டிஸ்டெம்பரா? பொங்கலுக்குச் சுவத்துக்கு அடிச்சோமே, அதுவா?"

விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்ப நான் போட்ட குட்டியால இல்லையா?"

"இருக்காது பெரியப்பா."

"ஊசி போட்டிருந்தா இருந்திருப்பானா?"

அடித்துச் சொல்லும் குடும்ப வழக்கம் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது. "மணிக்குப் போட்டுடுவோம்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மணிக்கு இரண்டாவது ஊசியும் முடிந்திருந்தது. கிழட்டு ஆடு ஒன்று செத்திருந்தது. பெரியப்பா வியர்க்க விறுவிறுக்க மார்பளவு குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடி, மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். தாலுகா ஆபீஸ் சர்வேயர் மாதிரி குழி ஓரத்தில் உட்கார்ந்து மணி எல்லாவற்றையும் அளவெடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு முள்ளு போடுங்க பெரியப்பா" என்றேன்.