பிள்ளையை யாராகப் பார்க்கிறோம்?



செப்டம்பர் பிறந்துவிட்டது; அமெரிக்காவில் நம் தமிழ்ப் பள்ளிகள் திறந்துவிட்டன. எடிசனில், ஃப்ரீமாண்டில், ஃப்ரிஸ்கோவில் வாடகைக்கு எடுத்த வகுப்பறைகளில், வாரத்துக்கு ஒரு நாள், சில மணி நேரம். பாடம் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் வார நாள்களில் வேறு வேலை பார்க்கிற அப்பா அம்மாக்கள். சம்பளம் கிடையாது. அவர்களிடமிருந்து இந்தப் பருவத்தில் வரும் கடிதங்களில் ஒரு கேள்வி விடாமல் வருகிறது: “பிள்ளைகள் எழுத்தெல்லாம் எழுதிவிடுகிறார்கள், பேசச் சொன்னால் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். வேறு புத்தகம் வைத்தால் சரியாகுமா?”

புத்தகம் மாறட்டும். ஆனால் அதற்கு முன்னால் யோசிக்க ஒன்று இருக்கிறது. கல்வித் தத்துவம் என்றால் பல்கலைக்கழகத்தில் பேசுகிற விஷயம் என்று நினைக்கிறோம். உண்மையில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் வகுப்புக்குள் நுழைகிற தன்னார்வ ஆசிரியரும் ஒரு தத்துவத்தோடுதான் நுழைகிறார். அவருக்குச் சிறு வயதில் பாடம் சொன்ன வாத்தியார் கொடுத்தது அது. ஆசிரியர் எழுதிப் போடுவார், பிள்ளை பார்த்து எழுதும். ஆசிரியர் கேட்பார், பிள்ளை ஒப்பிக்கும். நம்மில் பலர் அப்படித்தான் படித்தோம், படித்து முன்னுக்கும் வந்தோம். அதனால் அதுதான் கற்பித்தல் என்று மனத்தில் பதிந்துபோயிற்று.

நம் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் இருக்கிற வகுப்பறைக்குப் பின்னால் வேறொரு சிந்தனை இருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் ஒரு பரிசோதனைப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்கு மேசை நாற்காலி தேடி ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் போனாராம். கடைசியில் ஒரு கடைக்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு சொன்னார்: நீங்கள் தேடுவது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை. டூயி தம் ‘பள்ளியும் சமூகமும்’ நூலில் இதை எழுதியிருக்கிறார். அவருடைய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். கணக்கும் வரலாறும் அந்த வேலைக்குள்ளிருந்தே கிளம்பின. அந்த எண்ணம் நீர்த்துப்போயோ நீர்க்காமலோ இன்றைய அமெரிக்கப் பள்ளிகளில் பரவியிருக்கிறது. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று ஐந்து நாளும் கேட்கப்படுகிற பிள்ளை, ஆறாம் நாள் தமிழ் வகுப்பில் அந்தக் கேள்வியே எழாததைக் கண்டு மௌனமாகிவிடுகிறது.

நியூ ஜெர்சி வாசகர்களுக்கு ஒரு செய்தி. எடிசனை ஒட்டிய பிஸ்கேட்டவேயில், ஸ்டெல்டன் என்ற இடத்தில், 1915 முதல் 1953 வரை ‘மாடர்ன் ஸ்கூல்’ என்ற பள்ளி நடந்தது. பார்சிலோனாவில் 1909இல் சுட்டுக்கொல்லப்பட்ட கல்வியாளர் ஃபிரான்சிஸ்கோ ஃபெரரின் நினைவாக, நியூயார்க்கில் தொழிலாளர்களும் சிந்தனையாளர்களும் சேர்ந்து தொடங்கிய பள்ளி அது. தத்துவ வரலாற்றை எளிய நடையில் எழுதிய வில் டுராண்ட் அங்கே இளம் ஆசிரியராக இருந்திருக்கிறார். பிறகு பள்ளி ஸ்டெல்டனுக்குக் குடிபெயர்ந்தது. பாடத்துக்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தோட்டம், மண்பாண்டம், கூடை பின்னுதல், அச்சுக்கூடம் எல்லாம் இருந்தன. பிள்ளைகளே எழுதி, அச்செழுத்துக் கோத்து, ‘குழந்தைகளின் குரல்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழை வெளியிட்டார்கள். பத்திரிகை நடத்துகிற எனக்கு அந்தப் பள்ளியில் மிகவும் பிடித்தது இதுதான். அவ்வளவு சுதந்திரத்தில் பெற்றோருக்குள் பூசலும் எழுந்தது. “எப்போதுதான் இவர்கள் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்?” என்று கேட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அந்தக் கேள்வியை நான் தள்ளமாட்டேன். தானாக ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க வாரத்துக்குச் சில மணி நேரமே உள்ள பள்ளியால் முடியாது.

அதே சமயம், புதுமையெல்லாம் அமெரிக்காவினுடையது, பழமையெல்லாம் நம்முடையது என்று பிரித்துக்கொள்வதும் வரலாறு அறியாமல் பேசுவதாகும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இளமையில் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர், 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அக்கம்பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சிறுவர்களை ஒப்படைத்தார். அவன் சொல்லிக் கொடுத்தான். திண்ணையில் சட்டாம்பிள்ளை காலகாலமாகச் செய்துவந்த வேலைதான். பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கையால் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் அதை ஒத்த முறையை இங்கிலாந்தில் பரப்ப, 1806இல் நியூயார்க்கின் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியும் அந்த வழியில் தொடங்கியது.

ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒரே ஆசிரியரைக் கொண்டு நடத்தியபோது அந்த முறையின் உயிர் போய்விட்டது. மூத்த பிள்ளை இளையதற்கு விரல் பிடித்துக் காட்டுவது ஒன்று, படைப்பயிற்சி போல எல்லோரையும் ஒரே அசைவில் எழுதவைப்பது இன்னொன்று. திண்ணையில் அடியும் தண்டனையும் இருந்தன, சாதிச் சுவரும் இருந்தது. அதைப் பொன்னுலகமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போனது. எண்சுவடியை வாயால் சொல்லிச் சொல்லி, முக்கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களை நாக்கிலேயே வைத்திருந்தது. அந்த நினைவாற்றல் அளக்கவும் கணக்குத் தீர்க்கவும் பயன்பட்ட அறிவு என்பதை வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஆகவே மனப்பாடம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே பிறந்த பிள்ளைக்கு ழகரமும் ளகரமும் வேறுவேறாகக் கேட்பதே முதலில் நடக்க வேண்டும். பாட்டும் ஆத்திசூடியும் வாயில் புரண்டால்தான் காது பழகும். நான் குறைக்கச் சொல்வது பார்த்து எழுதும் வீட்டுப்பாடத்தை. 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல், அதன் பிறகுதான் பேச்சு என்றால், பேச்சு வருவதற்குள் பிள்ளை பள்ளியை விட்டே போய்விடும். ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்த பிள்ளை படம், மடம், பட்டம் என்று அன்றைக்கே வாசிக்கலாம். எழுத்தின் மேல் விரலை ஓட்டட்டும். 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகள் செய்தது அதைத்தான், மணலும் செய்தது அதைத்தான்.

சட்டாம்பிள்ளை இன்றும் நம்மிடம் இருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற, தன்னார்வ மணிக்கணக்குக்காக வகுப்பில் உதவுகிற பிள்ளைகளைச் சொல்கிறேன். வருகைப் பதிவுக்கும் நகல் எடுக்கவும் மட்டும் அவர்களை வைத்திருக்கிறோம். ஆளுக்கு மூன்று சின்னப் பிள்ளைகளைக் கொடுத்து அரை மணி நேரம் தமிழில் விளையாடச் சொல்லுங்கள். சொல்லித் தருகிற அக்காவுக்கும் அண்ணனுக்கும் தமிழ் நிலைக்கும்.

பிள்ளையின் வீட்டு மொழியைப் பள்ளி எப்படிப் பார்க்கிறது என்பதும் தத்துவம்தான். டெக்சஸ் பள்ளிகள் பலவற்றில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதே மாநிலத்தின் செனட்டர் ரால்ஃப் யார்பரோ கொண்டுவந்த இருமொழிக் கல்விச் சட்டத்தில் 1968 ஜனவரியில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். ஜான்சனும் இளைஞராக இருந்தபோது டெக்சஸின் கொட்டுல்லாவில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1998இல் இருமொழிக் கல்வியை முடக்கி, 2016இல் அந்த முடக்கத்தை நீக்கினார்கள். முடக்கிய அதே 1998இல்தான் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் தொடங்கியது. வீட்டு மொழி தடையா, துணையா என்று அரசும் வாக்காளர்களும் மாறி மாறி முடிவு செய்துகொண்டிருந்தபோது, தாய்மார்களும் தந்தையரும் காத்திருக்காமல் பாய் விரித்து அமர்ந்தார்கள். அந்த உறுதிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இனி அந்த வகுப்பில் பிள்ளைக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும்.

எங்கள் பங்குக்கு, நவம்பர் இதழ் முதல் இரண்டு பக்கங்களைத் தமிழ்ப் பள்ளி மாணவர்களிடமே ஒப்படைக்கிறோம். எதை வெளியிடுவது என்று பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் அடங்கிய சிறு குழு தேர்ந்தெடுக்கும். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்துவோம். வாக்கியங்களில் கை வைக்க மாட்டோம். நாய்க்குட்டி, கால்பந்து, பாட்டியோடு வீடியோவில் நடந்த சண்டை, எதுவானாலும் சரி. ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அப்படியே இருக்கட்டும், தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் போதும். பெற்றோர் எழுதித் தந்து பிள்ளை படியெடுத்ததாக இருக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். கையால் எழுதிய தாளைப் படமெடுத்து, பிள்ளையின் வயதையும் ஊரையும் குறிப்பிட்டு, அக்டோபர் 10க்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்