முன்னூறு ரூபாயும் முப்பது லட்சமும்

ஊழலைப் பற்றி எழுதினால் "தெரிஞ்ச கதைதானே" என்பீர்கள். தெரிந்த கதைதான். ஆனால் அதன் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை. இன்று இரண்டே இரண்டு கணக்கு பார்ப்போம்.

முதல் கணக்கு எங்கள் வீட்டுடையது. கல்லூரியில் சேரும்போது எனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் தேவைப்பட்டது. அது இருந்தால்தான் கட்டணச் சலுகை. அப்பா விசைத்தறித் தொழிலாளி. விண்ணப்பித்துவிட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் அலைந்தார். "சார் வரலீங்க", "நாளைக்கு வாங்க" என்றே பதில். நாலாவது முறை 300 ரூபாய் கொடுத்தார். மறுநாளே சான்றிதழ் வந்துவிட்டது!

"ஏம்ப்பா கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இன்னொரு நாள் அலைஞ்சா அதைவிட அதிகமா கூலி போயிரும் கண்ணு" என்றார்.

அவர் கணக்கு சரிதான். ஆனால் 300 ரூபாய் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போனது. அந்த மூன்று நாள் உழைப்போ யாருக்குமே இல்லாமல் போனது. இப்படி நாடு முழுக்க எத்தனை அப்பாக்கள், எத்தனை நாட்கள்? 'லஞ்சம் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கிறதே' என்று சிலர் சொல்வார்கள். தாமதம் தானாக வருவதில்லை நண்பர்களே, காசு பார்ப்பதற்காகவே உண்டாக்கப்படுகிறது.

இரண்டாவது கணக்கு நம் கோவையுடையது. 2018 பிப்ரவரி 3 அன்று பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.கணபதியை லஞ்ச ஒழிப்புத்துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் ஒருவரின் பணியை உறுதி செய்ய 30 லட்சம் ரூபாய் வாங்கினார், அதில் 1 லட்சம் ரொக்கம், 29 லட்சம் காசோலைகள் என்பது குற்றச்சாட்டு. குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் அந்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஏழாவது ஊதியக்குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். 30 லட்சம் என்றால் 52 மாதச் சம்பளம்! ஒரு வேலைக்கு இப்படி விலை வைத்தால் அதை யாரால் வாங்க முடியும்? சோமனூரிலோ பல்லடத்திலோ தறி ஓட்டுபவரின் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். காசு கொடுத்து உள்ளே வருபவருக்கு முதல் நான்கு வருடமும் போட்டதை எடுக்கும் நினைப்புதான் இருக்கும். பாடம் எப்படி இருக்கும்? அந்தப் பட்டத்தை நம்பி நம்மை வேலைக்கு எடுக்கும் கம்பெனியின் கதி?

இது கோவையோடு முடியவில்லை. துணைவேந்தர் நியமனங்களிலேயே கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாக அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் 2018 அக்டோபரில் வெளிப்படையாகவே பேசினார்.

பாவ்லோ மௌரோ என்ற பொருளாதார அறிஞர் 1995ல் பல நாடுகளை ஒப்பிட்டு எழுதினார். ஊழல் கூடினால் முதலீடு குறைகிறது, அதனால் வளர்ச்சியும் குறைகிறது என்றார். கல்விக்கான அரசுச் செலவும் குறைகிறது என்று 1998ல் காட்டினார். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் 2024 பட்டியலில் இந்தியாவுக்கு 100க்கு 38 மதிப்பெண், 96வது இடம். முதலிடம் பிடித்த டென்மார்க்குக்கு 90.

சரி, நாம் என்ன செய்யலாம்? 2018ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். இது எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் புகார் செய்திருப்போமா என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், சந்தேகம்தான். பயம்! பாரதியார் பல்கலைக்கழக விஷயம் வெளியே வந்ததே ஒருவர் பயத்தை விட்டுப் புகார் கொடுத்ததால்தான்.

அடுத்த வருடம் தங்கைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த முறை அப்பா தறிக்குப் போகட்டும். அலுவலகத்துக்கு நான் போகிறேன், 300 ரூபாய் இல்லாமல்.