'நம்ம' டாய்லெட்டை யார் கழுவுவது?

ஸ்டார்ட்அப் இளைஞர்கள் சிலர் தங்கள் கழிப்பறைத் திட்டத்தை விளக்கிய கூட்டமொன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். சோதனை முயற்சிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த இடம் சென்னையின் புளியந்தோப்பு. திரையில் முதலில் வந்தது லோகோ. ஓர் இலை, இலைக்குள் ஒரு நீர்த்துளி. அந்த இலை கரும்பச்சையா இளம்பச்சையா என்பதிலேயே இருபது நிமிடம் போனது. பிறகு கதவின் வளைவு, கைப்பிடி, கருத்துச் சொல்ல கியூஆர் கோடு, பெயர்ப்பலகையின் எழுத்துரு. எல்லாம் முடிந்ததும், "இதை யார் கழுவுவார்?" என்று கேட்டேன். "அது ஆபரேஷன்ஸ், சார். அவுட்சோர்ஸ் பண்ணிடுவோம்" என்றார் ஒரு தம்பி, சிரித்தபடி.

தம்பியைக் கோபித்துப் பயனில்லை. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையும் அதே பதிலைத்தான் வைத்திருக்கிறது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களிலும் மெரினாவிலும் பொதுக் கழிப்பறைகளைக் கட்டி, புதுப்பித்து, பராமரிக்கும் வேலையைச் சுமார் 430 கோடி ரூபாய் மதிப்பில் தனியாரிடம் கொடுத்தது மாநகராட்சி. புளியந்தோப்பு இருப்பது ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரில். அதே ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையும் தனியாருக்குப் போனது. அதை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை, 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய கை, ஒப்பந்ததாரரிடம் போனால் 17,000க்குச் சுருங்கிவிடும் என்பதுதான் அவர்கள் பயம். கதவுக்குக் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. துடைப்பம் பிடிக்கிற கையிடம் மட்டும் ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம்.

கழிப்பறை நாறினால் பெயரை மாற்றுவது நம் ஊரின் பழைய வைத்தியம். 'கக்கூஸ்' டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். அது காது கூசும் சொல்லானதும் 'லெட்ரின்' வந்தது. லெட்ரினும் நாறியது, 'டாய்லெட்' ஆனது. இப்போது மால்களில் 'ரெஸ்ட்ரூம்'. 2013 வாக்கில் தாம்பரத்தில் 'நம்ம டாய்லெட்' வந்தபோது அதன் வடிவமைப்பை நானே பாராட்டியிருக்கிறேன். காற்றும் வெளிச்சமும் புகும் சுவர்கள், சக்கர நாற்காலிக்கு வழி என்று யோசித்துச் செய்திருந்தார்கள். அடுத்து இ-டாய்லெட் வந்தது, எவர்சில்வர் பீரோ மாதிரி. ஆள் நுழைந்தால் விளக்கு எரியும், வெளியேறினால் தண்ணீர் தானாக அடிக்கும். சென்னைத் தெருக்களில் அவற்றில் பல, கதவு திறக்காமலும் தண்ணீர் வராமலும் சுவரொட்டி ஒட்டும் பலகைகளாகத்தான் முடிந்தன. ஆளே தேவையில்லை என்று சொல்லி விற்ற பொருள், ஆள் இல்லாமலே செத்தது.

'நம்ம' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். கேட்பவரையும் உள்ளே அழைக்கிற சொல்லாக இருப்பதால்தான் இன்று திட்டங்களின் பெயர்களில் எல்லாம் 'நம்ம' ஒட்டிக்கொள்கிறது. டாய்லெட்டுக்கு வெளியே பலகையில் 'நம்ம' என்று எழுதிவிட்டு, உள்ளே பிளீச்சிங் பவுடர் தூவுகிறவரை 'அவங்க' என்கிறோமே, இது எந்த இலக்கணம்?

இனி என் கணக்கு. நண்பர்கள் கேலி செய்யும் அளவுக்கு இதை நான் சொல்லிவிட்டேன். இன்னொரு முறையும் சொல்கிறேன். தூய்மை இந்தியா திட்டத்தின் விதிப்படி, சமுதாயக் கழிப்பறையில் 25 பெண்களுக்கு ஓர் இருக்கை, 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை. காகிதத்தில் தாராளமாகத் தெரியும். ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடம் என்று வையுங்கள். புடவை, வாளி, இடுப்பில் பிள்ளை எல்லாம் சேர்த்து அது அதிகமே இல்லை. 25 பேருக்கு 250 நிமிடம், அதாவது நாலு மணி பத்து நிமிடம். வேலைக்குப் போகிற வீட்டில் காலையில் அதற்குக் கிடைப்பது ஐந்தரையிலிருந்து ஏழரை வரை இரண்டு மணி நேரம்தான். 120 நிமிடத்தில் 12 பேர் போய்வரலாம். அதுவும் நடுவில் யாரும் கழுவாவிட்டால். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கழுவினால் இருபது நிமிடம் போய், மிச்சம் நூறு நிமிடம், பத்துப் பெண்கள். மீதி 15 பேர் என்ன செய்வார்கள்? அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இருட்டோடு எழுந்துகொள்வார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் அவசரப்படுத்துவதால் கழுவுகிற ஐந்து நிமிடமும் பறிபோகும், இடம் நாறும். விதியில் இருப்பது தலைக்கணக்கு, வாசலில் நிற்பது நேரக்கணக்கு. எந்த லோகோவும் இந்த 15 பேருக்கு ஓர் இருக்கையைக்கூடக் கூட்டித் தராது.

எதிர்த்தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. அழகான கழிப்பறையை மக்கள் மரியாதையாகப் பயன்படுத்துவார்கள் என்பது ஒன்று. அழகைச் சாப்பிட்டு யாரும் பசியாறியதில்லை, விட்டுவிடுவோம். நிறுவனத்துக்குத் தரத்தைப் பார்த்துப் பணம் தருகிறோம், கியூஆர் கோடில் புகார் சொல்லலாமே என்பது இன்னொன்று. வாளியோடு வரிசையில் நிற்கிற அம்மா, கைபேசியை எடுத்து ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று யோசிப்பார் என நம்புகிறவர்கள் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு அந்த வரிசையில் நின்று பார்க்கட்டும்.

மேல்பூச்சைப் பற்றிப் புளியந்தோப்புக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கேசவப்பிள்ளை பூங்காவில் குடிசை மாற்று வாரியம் எழுப்பிய அடுக்குமாடியில், கையால் தொட்டால் சிமென்ட் உதிர்ந்ததை 2021இல் தமிழ்நாடே பார்த்தது. சென்னை ஐஐடி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்யும் அளவுக்குப் போனது விவகாரம். அடுத்த மாதமே வாரியம், 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. அங்கே குடியிருக்கிறவர்களுக்குப் பூச்சுக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அவர்களிடம் போய் இலைக்குள் நீர்த்துளி வரைந்து காட்டுகிறோம். 'ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம்' என்று பாட்டிமார் சொல்லும் பழமொழியின் மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

திருச்சியைச் சொல்லாமல் என்னால் கழிப்பறைக் கட்டுரை எழுத முடியாது. அங்கே 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிராமாலயா போன்ற அமைப்புகளின் துணையோடு, குடிசைப் பகுதிகளின் சமுதாயக் கழிப்பறைகள் மகளிர் குழுக்களின் கைக்கு வந்தன. அந்தப் பகுதிப் பெண்களே வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்கினார்கள், நோட்டில் கணக்கு எழுதினார்கள், கழுவுகிறவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், மிஞ்சியதைப் பகுதிக்கே செலவழித்தார்கள். பக்கத்தில் முசிறியில், பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற எம். சுப்புராமனின் ஸ்கோப் அமைப்பு, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் கழிப்பறைகளைக் கட்டியது. பயன்படுத்துகிறவருக்கு ஒரு சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்தும் பார்த்தது. நீடித்த சுகாதாரம் என்று இன்று மாநாடு போடுகிறவர்கள் பேசுவதையெல்லாம், காவிரிக் கரையில் லோகோ இல்லாமலே செய்து பார்த்தாயிற்று.

வெளிநாட்டு உதாரணம் இருந்தால்தான் நம்புவேன் என்கிறவர்களுக்கு, கானாவின் குமாசி நகரம். கழிவுநீர்க் குழாய் இல்லாத வீடுகளுக்குக் கழிப்பறையை மாத வாடகைக்குத் தரும் 'கிளீன் டீம்' திட்டத்தை, உலகப் புகழ்பெற்ற ஐடியோ வடிவமைப்பு நிறுவனத்தைக் கூட்டிவந்துதான் உருவாக்கினார்கள். கழிவுப்பெட்டியை எடுத்துப் போய் மாற்றுப்பெட்டி வைக்க, குறித்த நாளில் ஆள் வீட்டுக்கு வருவதுதான் அங்கே விற்பனைப் பொருள். அந்த ஆள் இரண்டு வாரம் வராவிட்டால் ஐடியோவின் பிளாஸ்டிக் வெறும் டப்பா.

நம் ஊரிலோ அந்த ஆள் செத்துப்போனால்தான் செய்தி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டிவந்தது. இடையில் 2017இல் இந்த அவலத்தைப் பற்றித் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படம் எடுத்தார், அவர்மீதே வழக்குகள் பாய்ந்தன. சாவுக்கு விலை வைக்கத் தெரிந்த நாட்டில், உயிரோடு கழுவுகிறவரின் நாள்கூலியைக் கழிப்பறை வரைபடத்தின் ஓரத்திலாவது எழுத யாருக்கும் கை வரவில்லை.

எனவே ஆறாவது மண்டலத்தின் கழிப்பறைகளை அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்களிடமே கொடுத்துவிடுங்கள். கழுவுகிறவருக்கு மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் தரட்டும். 25க்கு ஒன்று என்ற விதியைக் கிழித்துப்போட்டு, காலை இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை இருக்கை வேண்டும் என்று எண்ணிக் கட்டுங்கள். இந்த மூன்றும் இல்லாத எந்தக் கழிப்பறை ஸ்டார்ட்அப்புக்கும் அரசு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது. இலை எந்தப் பச்சையில் இருக்க வேண்டும் என்பதைப் பிறகு, கழுவுகிற அம்மாவிடமே கேட்டுக்கொள்ளலாம். அதுவரை பலகையில் 'நம்ம' என்று எழுதாதீர்கள்.